எழுதாமல் இரண்டு பேருக்குக் கொடுத்த சனிக்கிழமை

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிக் கதைத்துச் சிரித்தீர்கள். கடை நடத்திய காலத்தில் அப்பா எந்த நேரமும் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தார் என்றீர்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து போனேன். அது சிடுசிடுப்பு இல்லை, பிள்ளைகளே. அது பயம். அந்த நேரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் வேலை செய்த பாண் பேக்கரி சிட்னியை விட்டுப் போனபோது கையில் கொஞ்சம் காசு தந்து அனுப்பினார்கள். ஒலிம்பிக்ஸ் முடிந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். அந்த நேரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சாமான் கடை விலைக்கு வந்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். காசு போதவில்லை. வங்கியில் கேட்டேன். கடையின் இரண்டு வருடக் கணக்கைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வாங்காத கடைக்கு நான் எங்கே கணக்குத் தேட?

அப்போதுதான் சிட்னி அண்ணை வந்தார். பெயர் வேண்டாம், சிட்னி அண்ணை என்றே எழுதுகிறேன். அரிசியும் செத்தல் மிளகாயும் கொள்கலன் கணக்கில் இறக்குபவர். மேற்குப் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் பாதிக்கு அவர்தான் சாமான் போட்டார். கடையை வாங்க எனக்குப் போதாமல் இருந்த காசை அவர் தந்தார்.

"காகிதம் ஒண்டும் வேண்டாம் தம்பி," என்றார். "எங்கட ஆக்களுக்குள்ள எழுத்து என்னத்துக்கு? சனிக்கிழமை யாவாரத்தை மட்டும் எனக்கு விடும். என்ர மச்சான் வந்து லாச்சியில இருப்பான். உமக்கும் ஒரு கை உதவி."

லாச்சி என்றால் காசுப் பெட்டி என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை என்பது எங்கள் கடைக்கு மற்ற நாலு நாளுக்குச் சமம். அதில் சாமான் காசும் போகும், கடனும் கழியும், மிச்சம் இருந்தால் எனக்கு வரும் என்பது ஏற்பாடு. எவ்வளவு சாமானுக்கு, எவ்வளவு கடனுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். எங்கள் ஆட்களுக்குள் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

மச்சான்காரன் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து லாச்சிக்குப் பின்னால் உயரக் கதிரையில் ஏறி இருப்பான். நல்ல பெடியன்தான், முப்பத்தைந்து வயது, மரியாதையாகக் கதைப்பான். ஆனால் ஒரு கொப்பி வைத்திருந்தான். யார் என்ன வாங்கினார்கள், எந்த அரிசி எத்தனை மூட்டை போனது, எல்லாம் அதில் ஏறும். என்னுடைய கடையில் எனக்குத் தெரியாதது அவனுடைய கொப்பியில் இருந்தது.

பிறகு ஒரு கிறிஸ்மஸ் வெக்கையில் பிறீசர் நின்றது. ஞாயிறு பூட்டி, செவ்வாய் திறந்தபோது வாளை, நெத்தலி, தேங்காய்ப்பூ, பராட்டா எல்லாம் தண்ணீராய்க் கிடந்தன. புதுப் பிறீசருக்குச் சிட்னி அண்ணையிடம் இன்னும் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்பார்.

அந்த மாதம் நாங்கள் காரில் மெல்பன் போனது நினைவிருக்கும். கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தபோது எனக்குப் பக்கத்தில் ஒருவர் தட்டோடு வந்து இருந்தார். கிளென் வேவர்லியில் வீடு, சொந்த ஊர் மலேசியா, படிக்க வந்து தங்கியவர். அவரும் சாமான் இறக்குபவர். தூள் வகை, சோஸ், மீகூன் என்கிற அரிசி நூடுல்ஸ், பிறீசர் சாமான். மெல்பன் கடைகள் முழுக்க அவருடையது. சிட்னியில் ஒரு கடைத் தட்டைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை.

"சிட்னில என் சாமானை யாருமே அடுக்க மாட்டேங்கிறாங்க தம்பி," என்றார் அந்த மெல்பன் அண்ணன் பாயாசத்தைக் குடித்துக்கொண்டே. "உங்க ஊரு அண்ணை கதவுல பூட்டு போட்டு வச்சிருக்காரு. நீங்க ஒரு தட்டு கொடுங்க. பிறீசரை நான் பார்த்துக்கிறேன்."

"திருப்பித் தாறதுக்கு?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க. தீபாவளிக்கு முந்தின மூணு நாள், பொங்கலுக்கு முந்தின மூணு நாள். அந்த யாவாரம் எனக்கு. வருசத்துல ஆறே நாள். எழுத்தெல்லாம் வேணாம், சாமி சன்னதியில உட்கார்ந்து பேசுறோம்."

நான் தலையாட்டினேன். சனிக்கிழமை ஒருவருக்கு, பண்டிகை ஒருவருக்கு. இரண்டும் வேறு வேறு என்றுதான் என் மண்டையில் இருந்தது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. முதல் கடனுக்கே அவள் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த வருடத் தீபாவளி ஒரு வியாழக்கிழமை வந்தது. அடுத்து வந்த பொங்கல் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எதிலும் படவில்லை. மெல்பனிலிருந்து ஒரு ஆள் வந்து அந்த மூன்று நாள் காசையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவான். பண்டிகைச் சாமானுக்கு முன்காசு கட்டியது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆனால் பயம் இரண்டு பங்காயிற்று. சனிக்கிழமை மச்சான்காரன் மெல்பன் தூள்களைப் பின்தட்டுக்குத் தள்ளி, சிட்னி அண்ணையின் தூளை முன்னுக்கு வைப்பான். புதன்கிழமை மெல்பன் சாமான் கொண்டுவரும் வான்காரன் வந்து அதைப் பின்னுக்குத் தள்ளி, தன்னுடையதை முன்னுக்கு இழுப்பான். சாமான் வாங்க வந்த ஒரு அன்ரி என்னிடம், "உங்கட கடையில மிளகாய்த்தூளுக்கும் ஷிப்ட் வேலையோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு முதல் கிழமைதான் சிட்னி அண்ணை ரெலிபோனில் சொல்லியிருந்தார்: "மெல்பன்காரன்ர சாமான் கூடிக்கொண்டு வருது போல. நீர் அவரிட்டக் காசு ஏதும் வாங்கியிருக்கிறீரோ? வாங்கியிருந்தால் சொல்லும், என்ர காசை முழுக்க எடுத்துக்கொண்டு நான் ஒதுங்கிறன்."

இல்லை அண்ணை என்றேன். முழுக்க எடுத்தால் கடை இல்லை. கடை இல்லையென்றால் வீட்டுத் தவணை இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு. அதைச் செய்து பார்க்கப் பேனை தேவைப்படவில்லை.

மூத்தவளே, நீ அந்த வருடம் பதினோராம் வகுப்பு. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டையில் இருந்து சரித்திரக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாய். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். என்ன பாடம் என்று சும்மா கேட்டேன்.

"வெனிசுவேலா," என்றாய். "நூறு வருசத்துக்கு முந்தி அது லோன் எடுத்துட்டு கட்டேல்லை அப்பா. அதுக்கு ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி மூண்டும் வார்ஷிப் அனுப்பினது. ஹார்பரை புளொக் பண்ணினது."

"காசு இல்லாத நாட்டிட்ட கப்பல் அனுப்பி என்ன எடுக்கிறது?"

"கஸ்டம்ஸ். துறைமுகத்தில வாற சாமானுக்கு எடுக்கிற வரி. அதுதான் அவையின்ர கையில இருந்த ஒரே காஷ். அதில ஒரு பங்கை இவைக்கு ஒதுக்கினவை."

நான் மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். "வேற ஆக்களும் கடன் குடுத்திருப்பினம்தானே. ஆருக்கு முதல் குடுத்தது?"

"அதுதான் கட்டுரையே. கேஸ் இன்டர்நேஷனல் கோர்ட்டுக்குப் போனது. கப்பல் அனுப்பின ஆக்களுக்கு முதல் எண்டு தீர்ப்பு. சும்மா இருந்த ஆக்கள் பிறகு."

"நியாயமோ அது?"

"நியாயம் இல்லை. ஆனா அப்படித்தான் நடந்தது." பேனையைக் கடித்தபடி இன்னொன்றும் சொன்னாய். அமெரிக்காவுக்கு இது பிடிக்கவில்லையாம், தன்னுடைய பக்கத்துக்கு ஐரோப்பாக்காரர் வருவது. அதனால் இன்னொரு தீவு நாட்டில் அமெரிக்காவே முந்திப்போய்க் கஸ்டம்ஸ் கந்தோரில் தன் ஆளை இருத்திவிட்டதாம். வரியை அவன் எண்ணி, கடன்காரருக்குப் பிரித்து, மிச்சத்தை அந்த நாட்டுக்குக் கொடுப்பானாம். "கொடி அவையின்ர. கல்லாப்பெட்டி மற்றவையின்ர," என்று சொல்லிச் சிரித்தாய்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றும் கேட்டாய். வெக்கை என்றேன். அது குளிர்காலம்.

அன்று எனக்கு இரண்டு விஷயம் விளங்கின. சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கொடுத்தால், சும்மா இருக்கிறவனும் சத்தம் போடப் பழகுவான். மற்றது, மச்சான்காரன் உதவிக்கு வரவில்லை. சிட்னி அண்ணைக்கு என்னிடமிருந்து வரவேண்டிய காசு பெரிதில்லை. என் கதவால் மெல்பன்காரர் உள்ளே வராமல் இருப்பதுதான் பெரிது.

செப்டெம்பரில் ஒரு நாள் கடைக் கலண்டரில் தீபாவளியைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை. முந்தின மூன்று நாளை விரலால் எண்ணினேன். திங்கள், ஞாயிறு, சனி. திரும்ப எண்ணினேன். சனிக்கிழமை. வருடத்தின் மிகப் பெரிய வியாபாரம் நடக்கும் சனிக்கிழமை. அதை நான் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தேன்.

தீபாவளி வரையான அந்த ஆறு கிழமை நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. இரண்டு பேரில் ஒருவருக்காவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் ரெலிபோனைக் கையில் எடுப்பேன். ஒருவருக்குச் சொன்னால் மற்றவர் கதை வெளியே வரும். வைத்துவிடுவேன். கடையை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் அதிலும் எது என்னுடையது, விற்க?

அந்தச் சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கடையில் இல்லை, ரியூஷனுக்குப் போயிருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்குத் தெரியாது. ஒன்பது மணிக்கே கடை நிரம்பிவிட்டது. உழுந்து, பயறு, நல்லெண்ணெய், சீனி. அம்மா செத்தல் மிளகாய் நிறுத்துக்கொண்டு நின்றாள். மச்சான்காரன் கதிரையில். பத்தரை மணிக்கு மெல்பன் அண்ணன் கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு உள்ளே வந்தார். அந்தச் செவ்வாய் மெல்பனில் குதிரைப் பந்தயத்துக்கு விடுமுறை. லீவைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஆள் அனுப்பாமல் அவரே வந்துவிட்டார்.

"ஹேப்பி தீபாவளி தம்பி. இன்னைக்கி நான்தானே?" என்றார். சிரித்த முகம்.

மச்சான்காரன் கொப்பியை மூடினான். "என்ன நீங்கள்தானே?"

"கல்லாவுலங்க. இன்னைக்கி, நாளைக்கி, திங்கக்கிழமை. நம்ம பேச்சு."

மச்சான்காரன் என்னைப் பார்த்தான். நான் சீனிப் பைகளை அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன். அவன் கதிரையை விட்டு இறங்காமலே ரெலிபோன் எடுத்தான். அரை மணித்தியாலத்தில் சிட்னி அண்ணையின் கார் வந்து நின்றது.

நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை. இரண்டு பேரும் கைகொடுத்தார்கள். சிட்னி அண்ணை பலகாரப் பெட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார்.

"பினாங்கு ஸ்டைலோ? இனிப்புக் கொஞ்சம் கூட."

"உங்க மிளகாய் சாப்பிட்ட வாய்க்கு எல்லாமே இனிப்பாத்தாங்க இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பிறகு சேர்ந்து வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்கள். நான் கண்ணாடியால் பார்த்தேன். முதலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். பிறகு கிட்ட. பிறகு சிட்னி அண்ணை காரின் பொனற்றில் விரலால் ஏதோ கோடு போட்டுக் காட்டினார், மற்றவர் தலையாட்டினார். சண்டை பிடித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அவர்கள் ஒத்துப்போகிறார்கள் என்று கண்டதும் கையில் இருந்த சீனிப் பையைக் கீழே வைத்தேன்.

உள்ளே வந்து என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்கள்.

"நீர் என்னட்டப் பொய் சொன்னனீர். அதை விடுவம்," என்றார் சிட்னி அண்ணை. "அரிசி, மிளகாய், மா என்ர. தூள், சோஸ், பிறீசர் சாமான் இவற்ற. ஒருத்தற்ற தட்டில ஒருத்தர் கை வைக்கக்கூடாது. மச்சான் இனி ஒவ்வொரு நாளும் லாச்சியில இருப்பான். எங்கட இரண்டு பேற்ற பங்கையும் அவன் பிரிப்பான். வாடகை, கரண்ட் எல்லாம் அதில போகும். வெள்ளிக்கிழமையில உமக்கு ஒரு சம்பளம் எண்ணித் தருவான்."

"போர்டுல உங்க பேருதான் இருக்கும்," என்றார் மெல்பன் அண்ணன் ஆறுதலாக. "கடை உங்களதுதான் தம்பி. டென்ஷன் இல்லாம தூங்கலாம்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டேன்.

"அது போகப் போகப் பாப்பம்."

அப்போதுதான் வாசலில் அம்மா நிற்பதைக் கண்டேன். கையெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் என்னோடு கதைக்கவில்லை. அவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாமா நாங்கள் எவ்வளவு தரக் கிடக்கு அண்ணை?"

"என்ர பக்கம் ஒரு இருபத்தாறாயிரம் வரும்," என்றார் சிட்னி அண்ணை.

மச்சான்காரன் லாச்சியில் இருந்தபடியே, "இருபத்தொன்பது அத்தான்," என்றான்.

"எனக்குப் பதினாலு," என்றார் மெல்பன் அண்ணன். பிறகு யோசித்து, "வட்டியோட பதினேழுன்னு வச்சுக்குங்க," என்றார்.

நான் இரண்டையும் சேர்த்தே முப்பது ஆயிரம் என்று நினைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாருடைய எண்ணும் வேறு. ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்வரை அந்தக் கடன் ஒரு நாளும் முடியாது. அது எனக்கு அந்த நிமிடம் தலையில் அடித்தமாதிரி விளங்கியது.

நான் லாச்சியடிக்குப் போனேன். ஒரு அன்ரிக்கு மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்த மச்சான்காரனிடம், "முடிச்சிட்டுக் கொஞ்சம் இறங்கும்," என்றேன். அவன் இறங்கினான். லாச்சியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன். வரிசை மீன் பெட்டி வரை நின்றது.

"எழுதித் தாங்கோ," என்று பின்னாலேயே வந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "எவ்வளவு தந்தனீங்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம், எண்டைக்கு முடியும். இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ. எழுதினால்தான் லாச்சி திறப்பன்."

சிட்னி அண்ணையின் முகம் கறுத்தது. "எழுத்தோ? என்னட்டயோ? பாண் பேக்கரியில நிண்ட உம்மைத் தூக்கிக் கடையில இருத்தினவன் நான்."

"ஓம் அண்ணை. மறக்கேல்லை."

"சாமி சன்னதியில பேசுனது தம்பி," என்றார் மெல்பன் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

வரிசையில் யாரோ, "என்ன அண்ணை, லாச்சி உடைஞ்சு போச்சோ?" என்று கேட்டார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. இரண்டு பேர் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்கள். விட்டுப்போன ஒவ்வொரு கூடையும் அவர்கள் இருவரின் காசு என்பது அவர்களுக்கும் தெரிந்தது. நான் மேசையில் சாய்ந்து நின்றேன். இந்த நிமிடம் அவர்கள் சரி, கடையை மூடு என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. வேறு திட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா சாமான் ஓடர் எழுதும் கொப்பியையும் ஒரு பேனையையும் கொண்டுவந்து மா மூட்டையின் மேல் வைத்தாள். "இருந்து எழுதுங்கோ அண்ணை. தேத்தண்ணி போடுறன்," என்றாள்.

முதலில் மெல்பன் அண்ணன்தான் பேனையை எடுத்தார். அவர் எழுதியபோது பதினேழு பதினைந்தாயிற்று. சிட்னி அண்ணை மச்சானின் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகத் தட்டினார். அவனுடைய எண்ணுக்கும் அவருடைய எண்ணுக்கும் இருந்த வித்தியாசத்தில் அத்தானுக்கும் மச்சானுக்கும் கொஞ்சம் சத்தம் வந்தது. கடைசியில் இருபத்துநாலு. மாதம் மாதம் எவ்வளவு என்பதையும், மூன்று வருடத்தில் முடியும் என்பதையும் எழுதினார்கள். சம்பளப் பேச்சு போனது, உயரக் கதிரைப் பேச்சும் போனது. கையெழுத்து வைத்துவிட்டுச் சிட்னி அண்ணை தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தார்.

"இனி நீர் ஆரோ, நான் ஆரோ," என்றார். அன்றைய காசை எப்படிப் பிரிப்பது என்பதையும் தாளில் எழுதிவிட்டுத்தான் இரண்டு பேரும் போனார்கள்.

நான் லாச்சியைத் திறந்தேன். அடுத்து நின்ற அன்ரிக்கு இரண்டு தரம் பிழையாக மிச்சம் கொடுத்தேன். அவர்தான் எண்ணித் திருப்பித் தந்தார்.

காரில் வீட்டுக்கு வரும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: "மெல்பன் விஷயம் எனக்கு ஏன் சொல்லேல்லை?" பயம் என்றேன். "என்னட்டயோ?" என்றாள். ஓம் என்றேன்.

தீபாவளி முடிந்த புதன்கிழமை சாமான் லொறி வரவில்லை. சிட்னியிலிருந்தும் இல்லை, மெல்பனிலிருந்தும் இல்லை. இரண்டு பேரும் இனிக் கடனுக்குச் சாமான் தரமாட்டார்களாம். நான் சந்தைப் பக்கம் போய்க் கைக்காசுக்கு மூன்று மூட்டை அரிசி வாங்கி வந்தேன். தட்டுகள் பாதி வெறுமை. பள்ளிக்கூடம் விட்டு வந்த நீங்கள் ஏன் கடை இப்படிக் கிடக்கு என்று கேட்டீர்கள். ஸ்டொக் எடுக்கிறோம் என்று சொன்னேன். அது பொய். அன்று பின்னேரம் வரை ஒருவரும் வராமல் நான் தனியே நின்றேன். மூன்று வருடம் இப்படி நிற்க முடியுமா, இந்த மூன்று மூட்டை முடிந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிபோல ஒருவர் வந்து ஐந்து கிலோ அரிசி கேட்டார். நிறுத்துக் கொடுத்து, காசை லாச்சியில் போட்டேன். அதை எண்ண மச்சான்காரன் அங்கே இல்லை.